கதையில் வரும் புருஷன்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய சிறுகதையையும், அதை வாசித்த நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து, ஒரு சாரார் அது ஆண் துவேஷம் என்றும், மற்றவர்கள் பெண்ணின் துயரத்தைச் சொல்லவந்த கதை ஆணுக்குப் பரிந்து பேசக் கடமைப்பட்டதன்று என்றும் வாதாடியதை விவரிக்கும் கடிதத்தையும் படித்தேன். சமாதானத்துக்காக நல்லவன் ஒருவனைக் கதையில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். மனம் நோகும் சிலருக்கு ஆறுதல் சொல்வதற்கென்று நுழைக்கப்படும் யோக்கியன், கதையில் ஒரு வேலையும் இல்லாமல் நிற்பான்.

ஆயினும் உன் கதையில் ஒரு குறை உண்டு. அதை இரு சாராருமே கவனிக்கவில்லை. உன் கதாநாயகியான ஆசிரியை, முதல் தேதியன்று சம்பளக் கவரைக் கணவனிடம் நீட்ட, அவன் விரலில் எச்சில் தொட்டு நோட்டுகளை இருமுறை எண்ணிவிட்டு, பஸ்ஸுக்கு வேண்டிய சில்லறையை மட்டும் அவள் உள்ளங்கையில் வைத்து, 'பார்த்துச் செலவு செய்' என்று பிரியத்தோடு சொல்கிறானே, அந்த இடத்தை எழுதிய கை தேர்ந்த கை. ஆனால் அடுத்த பக்கத்திலேயே அவன் குடிக்கிறான், அடிக்கிறான், வேறொருத்தி வீட்டுக்குப் போகிறான். இத்தகைய புருஷர்கள் உலகில் இல்லையென்று நான் சொல்லவில்லை. இந்தக் கதைக்கு அவர்கள் வேண்டியதில்லை என்றே சொல்கிறேன். சில்லறை கொடுத்த கணவனிடத்தில் தன் சாயலைக் கண்டு சங்கடப்பட்ட வாசகன், குடிகாரனைக் கண்டதும், 'நான் இப்படிப்பட்டவன் அல்லன்' என்று நிம்மதியடைந்துவிடுகிறான். ராட்சசனைப் படைக்கும்போதெல்லாம், சாதாரண ஆண்கள் அத்தனை பேரையும் நீயே குற்றத்திலிருந்து விடுவிக்கிறாய்.

1943இல் புதுமைப்பித்தன் எழுதிய 'சாபவிமோசன'த்தை மறுபடியும் படித்துப் பார். அதில் வரும் கோதமன் கொடியவன் அல்லன். தான் இட்ட சாபத்தை எண்ணி வெந்து, அகலிகையின் மனத்தில் முள் தைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசுகிறவன். அவ்வளவு கருணையுள்ள கணவன் பக்கத்தில் இருந்தும், சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டபின் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். ஒருவனுடைய நற்குணத்தால் தீர்க்க முடியாத அநீதி அது என்பதை, கோதமன் நல்லவனாக இருப்பதனாலேயே நாம் உணர்கிறோம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யிலும் பெண்ணை யாரும் கைநீட்டி அடிப்பதில்லை. சமையலறைக்கு வெளியே இடத்தைச் சற்று விரிவாக்கலாம் என்று மருமகள் யோசனை சொல்ல, அங்கே துணி உலர்த்தும் கொடி கட்டப்பட்டு, ஜன்னலுக்கு அப்பால் தெரிந்த மலையைப் புடவைகள் மறைத்துவிடுகின்றன. அந்த வீட்டில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியம் எதற்கு?

ஆகையால், உன் கதையின் கணவனை அருகில் சென்று பார். சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது தன் பொறுப்பு என்று அவனுக்குக் கற்பித்தவர் யார்? அந்தக் கவர் ஒரு மாதம் அவள் பெட்டியிலேயே இருந்துவிட்டால், அவன் எதற்கு அஞ்சுவான்? அவன் தரப்பில் சொல்லக்கூடிய மிகச் சிறந்த நியாயத்தை அவன் வாயாலேயே சொல்லவிடு. அந்த நியாயமும் போதாமற்போவதை வாசகன் தானே காணட்டும். ஒருவனைப் புரிந்துகொள்வது அவனை மன்னிப்பதாகாது. அவன் நடத்தைக்குப் பின்னே வேரோடியிருக்கும் வழக்கத்தைக் காட்டுவதற்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் இதனால் கௌரவமே. துஷ்டனிடம் அகப்பட்ட அபலை என்று பரிதாபப்படுவதோடு வாசகர் நிற்கமாட்டார், தான் நேசிக்கும் மனிதனையே எதிர்த்துப் பேசவேண்டிய ஒருத்தியின் தைரியத்தை அறிந்துகொள்வார்.

குடியையும் அடியையும் நீக்கிவிட்டுத் திருப்பி எழுது. அவனுடைய பிரியத்தை மட்டும் குறைத்துவிடாதே. எழுதி முடித்தபின்னும் அதை ஆண் துவேஷம் என்பார்கள். முன்னைவிட உரக்கவே சொல்வார்கள், ஏனெனில் இம்முறை அது அவர்களைப் பற்றிய கதையாக இருக்கும். அப்போது அவர்களுக்காக ஒரு வரியையும் மாற்றாதே.

உன் நலம் நாடும்
அண்ணன்