மானம் என்னும் அளவுகோல்



தாராவி 90 அடிச் சாலையினின்றும் செம்பூரினின்றும் மாட்டுங்காக் கல்லூரிகளுக்குச் செல்லும் பிள்ளைகள் இன்று நம்மிடையே பலர். தோல் பதனிடும் கூடங்களிலும் பஞ்சாலைகளிலும் உழைத்த முன்னோர் தேடித்தந்த பேறு அது. ஆயின் கல்லூரி வாயிலைக் கடந்த பிள்ளை முதற்கண் கற்கும் பாடம் பலகாலும் நூலிலுள்ளதன்று. தன் நிறம் யாது, உயரம் எவ்வளவு, பல்வரிசை எத்தகையது என்பவற்றைப் பிறர் கண்கொண்டு காணக் கற்கின்றது. 'காலா' என்றும் 'மதராசி' என்றும் உடன்பயில்வோர் விளையாட்டாகவே அழைப்பர். அழைத்தவன் மாலைக்குள் மறந்துவிடுகின்றான். கேட்டவன் இரவிலும் கண்ணாடிமுன் நிற்கின்றான். வகுப்புப் புகைப்படத்தில் பின்வரிசையைத் தேடும் பெண்ணும், மெலிய வேண்டி உணவைத் தள்ளும் பெண்ணும் நம் இல்லங்களிலேயே உளர். இஃது அற்பக் காரியமெனப் பெரியோர் ஒதுக்குகின்றனர். ஒதுக்கத்தக்கதன்று.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதும் அன்று. பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவினர் பருத்த உடலையே நல்லுடலென மதித்து வந்தனர்; சுற்றத்தார் நன்கு பேணுகின்றனர் என்பதற்கு அஃது அடையாளம். அத்தீவின் நந்ரோகா மாநிலத்திற்கு 1995ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆன் பெக்கர் அம்மையார் அவ்வாண்டிலும், மீண்டும் 1998ஆம் ஆண்டிலும் அங்குள்ள பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். மெலிவதற்காக உண்டதைத் தாமே வாந்தியெடுப்போர் முதலாராய்ச்சியில் ஒருவரும் இலர். பின்னையதில் நூற்றுக்குப் பதினொருவர். மூன்றாண்டில் அத்தீவின் பெண்மக்கள் வேறு உடலுடன் பிறந்துவிடவில்லை. அவர்களை அளந்த கோலே வேறாயிற்று.

கல்லூரி மாணவரைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்க அறிஞர் மாரிஸ் ரோசன்பர்க் ஒருவனது தன்மதிப்பை அளத்தற்குப் பத்து வாக்கியங்களை அமைத்து 1965ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவற்றைக் கொண்டு 53 நாடுகளில், பெரும்பாலும் கல்லூரி மாணவராகிய ஏறத்தாழ 17,000 பேரிடம் பெற்ற விடைகளை 2005ஆம் ஆண்டில் ஷ்மிட், ஆலிக் என்னும் இருவர் தொகுத்தளித்தனர். யாவரினும் குறைந்த எண் பெற்றோர் ஜப்பானியர். தன்னைத் தான் புகழாமையை ஒழுக்கமாகக் கொண்ட மக்கள் ஆதலின், அவர் தம்மை வெறுக்கின்றனர் என்று அவ்வெண் ஒன்றைக் கொண்டே முடிவு கூறல் அவசரமாகும். நமக்கு வேண்டுவது வேறொன்று. 'பிறர்க்கு நான் குறைந்தவனல்லன்' என்னும் கருத்துடைய வாக்கியமும் அப்பத்தினுள் ஒன்று. பிறரை அருகில் நிறுத்தாமல் அதற்கு விடையிறுக்க இயலாது.

இவ்விடத்தே தம்மத்தின் போதனை நுட்பமானது. தமிழில் மானம் என்பது காக்கத்தக்க நற்பண்பு. பாளியில் 'மான' என்பதோ தன்னைப் பிறரோடு வைத்து அளக்கும் மனத்தளை. அறுக்க வேண்டிய பத்துத் தளைகளுள் ஒன்று. அரகந்த நிலையிலேதான் அது முற்றும் அறும். அது மூவகைப்படும்: நான் மேலானவன் எனல், நான் நிகரானவன் எனல், நான் தாழ்ந்தவன் எனல். முதலாவதனைச் செருக்கென எவரும் ஒப்புவர். மூன்றாவதும் மானமே என்று கேட்டவுடன் நம்மவர் திகைக்கின்றனர். கூனிக் குறுகி நிற்கும் பிள்ளையையோ செருக்குடையான் என்பது? அவனைப் பழிப்பதன்று கருத்து. மேலென்பானும் கீழென்பானும் பற்றியிருக்கும் கோல் ஒன்றே என்பதாம். ஆலையில் துணி மடிக்கும் பகுதியில் நாள்முழுதும் துணியளந்தவன் யான். அங்கே அளவுகோல் மேசைமீது கிடக்கும். சங்கு ஊதியதும் அதனை வைத்துவிட்டு வீடு திரும்புவோம். மாணவனோ அதனை வீட்டிற்கும் கொண்டுவருகின்றான்.

'நிகரென்பதும் மானமாயின், பாபாசாகேப் நமக்களித்த உறுதிமொழி என்னாவது?' என்று இளைஞர் வினவுவர். வினவுதல் முறையே. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அளிக்கப்பெற்ற 22 உறுதிமொழிகளுள் ஒன்பதாவது, மாந்தர் யாவரும் சமமென நம்புவது. பத்தாவது, அச்சமத்துவத்தை நிலைநாட்ட முயல்வது. இவை மாந்தர் அனைவரையும் பற்றியன. கிணற்றடியிலும் பள்ளியிலும் தெருவிலும் செய்யவேண்டிய தொண்டினைப் பற்றியன. மானம் 'நான்' என்னும் ஒன்றையே சுற்றிவருவது. இவ்விரண்டையும் குழப்பி, 'இழிவைப் பொறுத்திரு, அதுவே தம்மம்' என்று எவரேனும் பிள்ளைகட்குப் போதிப்பாராயின், அது நாம் விட்டுவந்த பழைய அடிமைப் பாடமேயாகும். நிறங்கூறி இகழ்ந்தால் ஆசிரியரிடம் அஞ்சாது முறையிடுக. சாதிப்பெயரால் இழிவு செய்வோரைத் தண்டிக்க 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உளது. முறையிட்டு வந்தபின் கண்ணாடிமுன் நின்று தன்னைத் தானே இகழாதிருத்தல் இரண்டாவது வேலை. அதனைச் சட்டம் செய்து தாராது.

பகவான் இதனை இரு மாணவர்க்கே விளக்கியருளினார். பிறப்பால் உயர்வா, செயலால் உயர்வா என வழக்கிட்ட வாசெட்டன், பாரத்துவாசன் என்போரைப் பாளி நூல் 'மாணவர்' என்றே வழங்குகின்றது. புல், மரம், பூச்சி, நாற்கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை இவற்றிற்கு இனந்தோறும் அடையாளம் வேறு; மனிதர்க்கோ மயிரிலும் தலையிலும் செவியிலும் கண்ணிலும் மூக்கிலும் உதட்டிலும், நிறத்திலும் குரலிலுங்கூட அத்தகைய பிறப்படையாளம் இல்லை என்று உறுப்புறுப்பாக எண்ணிக் காட்டினார். தோலில் நிறமி ஆக்கும் உயிரணுக்கள் வெண்ணிறத்தார்க்கும் கருநிறத்தார்க்கும் எண்ணிக்கையில் ஏறத்தாழ ஒத்தனவே என்றும், அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறென்றும் இன்றைய உடலியல் கூறுகின்றது. கடும்வெயில் நாட்டில் அந்நிறமி தோலுக்குக் குடையாகும். குடை பெற்றவன் அதற்காக வெட்குவது வேடிக்கையன்றோ?

துறவு பூணுவார்க்கு முதன்முதல் ஓதுவிக்கும் தியானப் பொருள் ஐந்து: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். கடைத்தெருவில் அழகுப்பொருள் விற்கும் கடையில் நின்று பாருங்கள். இவ்வைந்திற்கு அப்பால் அங்கு விற்பன மிகச்சில. ஆசை பற்றும் இடம் இவ்வைந்தே எனப் பகவான் கண்டார், வணிகரும் கண்டுகொண்டனர். 1975ஆம் ஆண்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் பூச்சு, வெண்மையைக் குறிக்கும் அம்முதற்சொல்லை நீக்கிக்கொள்ள 2020ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இதனினும் அஞ்சத்தக்கன ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் 2018ஆம் ஆண்டிலேயே அவை சேர்க்கப்பட்டன. முகத்தில் நெடுநாள் தடவினால் தோல் மெலிந்து சிவக்கும். நிறுத்தினாலோ எரிச்சல் மிகும். பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெற்றோர் இவற்றைப் பிள்ளைகட்கு எடுத்துரைப்பாராக.

தம்ம வகுப்பு நடத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை. உடலின் அசுபத்தை எண்ணும் தியானத்தை, முன்னரே தன் உடலை வெறுத்திருக்கும் பிள்ளைக்கு அளிக்கலாகாது. வைசாலியில் பிக்குகள் சிலர் அத்தியானத்தைப் பிழைபட மேற்கொண்டு, உடலை அருவருத்து உயிரையே மாய்த்துக்கொண்டனர். தனித்திருந்து மீண்ட பகவான் அதனையறிந்து, எஞ்சியோரைக் கூட்டி மூச்சினைக் கவனிக்கும் தியானத்தை அருளினார். ஆதலின் மூச்சும் மைத்திரியுமே முதலில் வேண்டற்பாலன. உணவை மறுத்து மெலியும் பிள்ளையைத் தியானத்தில் அமர்த்திக் காலங்கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

மனம் ஓரளவு அமைதியுற்றபின் அவ்வைந்தையும் முன்னும் பின்னுமாக ஓதலாம். அப்பொழுது சதிபட்டான சூத்திரத்து உவமையை நினைவூட்டுக: இருபுறமும் வாயுள்ள பையொன்றில் நெல்லும் பாசிப்பயறும் உளுந்தும் எள்ளும் அரிசியும் நிறைந்துள்ளன, கண்ணுடையான் ஒருவன் அதனை அவிழ்த்து, இது நெல், இது பயறு, இது எள் என்று பார்க்கின்றான். எள் கறுத்திருப்பதற்காக அவன் அதனைக் கடிவதில்லை. அரிசி வெளுத்திருப்பதற்காகப் புகழ்வதுமில்லை. அவனைப் போலவே, மயிர், நகம், பல், தோல் எனப் பெயர் மட்டும் கூறி நிறுத்துக. நாளொன்றுக்குக் கால்மணி நேரம், கண்ணாடியும் கைப்பேசியும் இல்லாத அறையில்.