பாலம் தாண்டுமுன் எண்ணெயை மாற்றுங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. இனி ஆண்டிறுதிவரை சிங்கப்பூரின் துவாஸ் சோதனைச்சாவடி வழியாக ஜொகூர், மலாக்கா, கேமரன் மலை என்று கார்கள் கிளம்பும். முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாவிட்டால் 500 வெள்ளிவரை அபராதம் என்பதால் பெட்ரோலை யாரும் மறப்பதில்லை. எஞ்சின் எண்ணெயை அங்கே எவரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் பார்க்கவேண்டும். இப்போதே பாருங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வாசலில் காரைத் தூக்கிவைத்து வேலை பார்க்க நல்ல நாள் வாய்ப்பது அரிது.

எண்ணெய் மாற்றும் நேரத்தை அறிய கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பாலத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தால் சில கிலோமீட்டர்தான் ஏறும். எஞ்சினோ அவ்வளவு நேரமும் ஓடியிருக்கும். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் எஞ்சின் முழுச்சூடு காண்பதில்லை, ஈரம் எண்ணெயில் தங்கிவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் நிறத்தில் பசை படிந்திருந்தால் அந்த ஈரம்தான் பெரும்பாலும் காரணம். டிப்ஸ்டிக்கில் வரும் எண்ணெயே பால்போல் வெளுத்திருந்தால் குளிர்விக்கும் நீர் கலந்திருக்கலாம். அப்போது நீங்கள் கைவைக்க வேண்டாம், பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார் நிறுத்துமிடம் இந்த வேலைக்கான இடமல்ல. தரைவீட்டு வாசலோ, அனுமதி தரும் கம்பெனி வளாகமோ இருந்தால் மட்டும் செய்யுங்கள். தரை சமமாக, காய்ந்து இருக்கவேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி அழுக்கோடு இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய எண்ணெய் தோலுக்குக் கெடுதல். வடிகால் போல்ட்டின் கடைசி மரையைக் கழற்றும்போது எண்ணெய் முதலில் தள்ளிப் பாயும், வேகம் குறையக் குறைய நேர்கீழே விழும். அதற்கேற்பத் தட்டை நகர்த்துங்கள். ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதிய ஃபில்டரைப் போட்டால் வழியிலேயே எண்ணெய் முழுதும் கொட்டிவிடும். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் பூசிக் கையாலேயே இறுக்குங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். 0W-20, 5W-30 என்பதில் எது, எத்தனை லிட்டர் என்பதைக் கார்க் கையேட்டில் பார்த்து ஊற்றுங்கள்; அளவை மீறுவதும் கெடுதல்தான்.

எனக்குப் பெரிய கவலை பழைய எண்ணெய்தான். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சாலையோரக் கால்வாயில் ஊற்றுவதை அடுத்த மழை நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ கொண்டுபோகும். மேற்கு ஜொகூர் நீரிணையில், லிம் சூ காங் ஓரம், மீன் பண்ணைகள் மிதக்கின்றன. ஒரு துளிகூடக் கால்வாயில் இறங்கவிடாதீர்கள். தரையில் சிந்தினால் மரத்தூள் போட்டு அள்ளுங்கள், தண்ணீர் அடிக்காதீர்கள். வடித்ததைப் புது எண்ணெய் வந்த கேனிலேயே ஊற்றி மூடுங்கள். வாங்கிக்கொள்ளும் பணிமனையை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு போல்ட்டில் ஸ்பேனரை வையுங்கள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் பணிமனையிலேயே எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

மாற்றியபின் இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டி, காருக்கு அடியில் கசிவையும் டிப்ஸ்டிக்கில் அளவையும் பார்த்துவிட்டு துவாஸ் பக்கம் கிளம்புங்கள்.