ரிழா: ஒரு பெயரும் ஓர் எழுத்தும்

ஸஹாபாக்களின் பெயரைக் கூறும்போது ‘ரழியல்லாஹு அன்ஹு’ என்கிறோம். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக என்பது கருத்து. அதே வேரிலிருந்து பிறந்த பெயரே ‘ரிழா’. பொருத்தம், திருப்தி என்பது இதன் பொருள். ரிழ்வான், ராழியா, மர்ழிய்யா என்பனவும் இதன் உறவுப் பெயர்களே.

அறபு நாடுகளில் ரிழா ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது. ஈரானில் ‘ரெஸா’ என ஒலித்து, ஆண்களிடையே மிகப் பரவலாக வழங்குகிறது. 1925இல் மன்னரான ரெஸா ஷாவின் பெயரும் இதுவே. உருதுவில் இது ‘ரஸா’ ஆகிறது.

இதிலுள்ள அறபெழுத்து ‘ழாத்’. நாவின் பக்க விளிம்பு மேற்கடைவாய்ப் பற்களைத் தொட எழும் இவ்வொலிக்குத் தமிழில் நிகரில்லை. ‘ரமழான்’ போல, இதனையும் நாம் ‘ழ’கரத்தால் எழுதுகிறோம். ‘ரிதா’ என எழுதினால் பொருள் மாறிவிடும். அது மேலாடையைக் குறிக்கும் வேறு சொல். இஹ்ராமில் ஆண்கள் தோளில் போர்த்தும் துணிக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்திலோ இரண்டையும் பெரும்பாலும் ஒரே விதமாகவே எழுதுகின்றனர்.

ஆகவே, பிறப்பைப் பதியச் செல்லுமுன் அறபெழுத்தையும் தமிழெழுத்தையும் பெற்றோர் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பரீட்சை விண்ணப்பம் முதல் கடவுச்சீட்டு வரை பிள்ளையுடன் வரப்போவது அந்த எழுத்துத்தான்.

மாணவியரே, உங்கள் பெயரை இன்று அறபில் எழுதிப் பாருங்கள். அதன் பொருளை உம்மா, வாப்பாவிடம் கேளுங்கள்.