சோம்பலா, இயலாமையா?



நபி (ஸல்) அவர்கள் எட்டு விஷயங்களை விட்டு அல்லாஹ்விடம் அடிக்கடி பாதுகாவல் தேடுவதைத் தாம் கேட்டதாக, அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் வரும் ஹதீஸ் இது. ஹம்மு, ஹஸன், அஜ்ஸ், கஸல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம் ஆகியவையே அந்த எட்டு.

ஹம்மு என்பது வரப்போவதை நினைத்து உள்ளம் பதறுவது. மகளின் நிகாஹ், கடை வாடகை, வளைகுடாவில் இருக்கும் மகனின் விசா என்று நம்மில் யாருக்குத்தான் அது இல்லை? ஹஸன் என்பது நடந்து முடிந்ததற்காக வருந்துவது. இந்த இரண்டையும் எல்லோரும் புரிந்துகொள்கிறோம்.

நாம் தடுமாறுவது அடுத்த இரண்டில்தான். அஜ்ஸ் என்றால் இயலாமை, கஸல் என்றால் சோம்பல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் இரண்டிலும் வேலை நடக்காது. ஆனால் உலமாக்கள் பிரித்துச் சொல்கிறார்கள்: சோம்பேறிக்குச் சக்தி இருக்கிறது, மனம் இல்லை. இயலாதவருக்குச் சக்தியே இல்லை.

இதை உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். நன்றாக இருந்த பிள்ளை மதியம் வரை படுத்தே கிடக்கிறான். குளிக்கவில்லை, பிடித்த சாப்பாடும் இறங்கவில்லை, நண்பர்களின் போனை எடுப்பதில்லை, பஜ்ரும் போய்விட்டது. "சோம்பேறி", "ஈமான் பலவீனம்", "ஷைத்தான் பிடித்துவிட்டான்" என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். என்னிடம் அழைத்து வரப்படும் இப்படிப்பட்டவர்களில் பலர், தொழ முடியவில்லையே என்று அழுகிறவர்கள். சோம்பேறி அதற்காக அழுவானா?

தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் கெட்டு, இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஈமான் உள்ளவருக்கு இப்படி வருமா என்று கேட்பவர்கள் யூசுஃப் அத்தியாயத்தை மீண்டும் ஒருமுறை ஓதிப் பாருங்கள். மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அவர்கள் நபி! இன்னும் யூசுஃபையே நினைத்துக்கொண்டு இருக்கிறீர்களே, இப்படியே உருக்குலைந்து போவீர்கள் என்று சலித்துக்கொண்டவர்கள் வீட்டில் இருந்தவர்கள்தான்.

உடலின் இயலாமைக்கு மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. மூலநோய் இருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழும்படியும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தொழுகை விடுபடவில்லை, மனிதர் திட்டப்படவும் இல்லை. மனம் நோயுற்றவரிடமும் நாம் அப்படித்தான் பேச வேண்டும்.

இதை மேற்கத்தியச் சரக்கு என்று ஒதுக்குவோரும் உண்டு. ஹிஜ்ரி 322இல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். கவலையை அவர் இரண்டாகப் பிரித்தார்: காரணம் தெரிந்த கவலை ஒன்று, காரணமே தெரியாமல் வரும் கவலை இன்னொன்று. இரண்டாவது உடலிலிருந்து வருவது, அதற்கு உடலுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று எழுதினார். ஆயிரம் வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது!

ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை, நானும் ஓதுகிறேன். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. நிவாரணம் தேடி ஏர்வாடிக்குக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகள் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தீப்பிடித்தபோது, ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பிற்பாடு அதே ஊரில் மருந்தையும் துஆவையும் சேர்த்தே கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது.

"செத்துப்போனால் தேவலை" என்று உங்கள் பிள்ளையோ மனைவியோ சொன்னால், உடனே ஹராம் ஃபத்வாவோடு பாய வேண்டாம். பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்களும் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்றார்கள். அவர்களுக்குக் கண்டனம் வரவில்லை. காலடியில் நீரோடையும், உலுக்கினால் விழும் பேரீச்சம் பழமும், உண்டு பருகிக் கண் குளிர்ந்திரு என்ற ஆறுதலும் வந்தன.

நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட வையுங்கள். சொல்வதை இடையில் வெட்டாமல் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை, தாயும் அழைக்கலாம்.