நனையாத கை

நம் சங்கத்து நண்பர்களுள் பலர் விடுமுறை வந்ததும் மோட்டார் சைக்கிளில் ஊருக்குப் புறப்படுகின்றனர். சிலர் சாமராஜநகர் வழியாகச் சென்று, திம்பம் மலையிறங்கிச் சத்தியமங்கலம் சேர்வர். சிலர் குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாக நீலகிரி ஏறுவர். புறப்படுமுன் பெட்ரோல் இருக்கிறதா, சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறோம். தலைக்கவசம் இல்லையேல் காவலர் நிறுத்துவார் என்பதால் அதனையும் மறப்பதில்லை. கையுறையைச் சட்டம் கேட்பதில்லை. ஆகவே நாமும் அதனை எண்ணுவதில்லை. ஆனால் வண்டியைச் செலுத்துவதும் கை, நிறுத்துவதும் கை. அந்தக் கையைப் பற்றி ஒரு மழைநாள் எனக்குக் கற்பித்த பாடத்தையும், பின்னர் இயற்பியல் மாணவன் என்ற முறையில் நான் தெளிந்துகொண்டதையும் இங்கு எழுதுகிறேன்.

நடுவட்டத்து வளைவு

என் ஊர் குன்னூர். மானசகங்கோத்திரியில் முதுகலை பயில்கிறேன். என் வண்டி மாமா கொடுத்த பழைய யெஸ்டி. இந்த மைசூரின் யாதவகிரியில், 1996இல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தது. அதன் முன் பிரேக் பழைய டிரம் வகை. நான்கு விரலாலும் அழுத்தி இழுத்தாலன்றி மலைச்சரிவில் வண்டி நில்லாது.

சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஓர் இரவு அம்மா தொலைபேசியில் அழைத்தார். தந்தையாருக்கு மூச்சுத் திணறல், மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்றார். பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு மூடப்படுவது நீங்கள் அறிந்ததே. விடியுமுன் புறப்பட்டு, சோதனைச் சாவடி திறக்கும் நேரத்திற்கு அங்கே போய் நின்றேன்.

கையில் அந்த வாரம் வாங்கிய புதிய கையுறை. "தம்பி, ஒரு சொட்டு நீர் உள்ளே போகாது" என்று கடைக்காரர் உறுதி கூறியிருந்தார். தடித்த உறை, குண்டல்பேட்டை தாண்டுமுன்பே உள்ளங்கை வியர்த்துவிட்டது. கூடலூரில் பெருமழை பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டின் கைக்கு மேலே கையுறையின் நீண்ட வாயை இழுத்துவிட்டு மலையேறினேன். நடுவட்டத்தை நெருங்கியபோது உறைக்குள் நீர் தளும்பிற்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தோலின் வழியே ஒரு சொட்டும் புகவில்லை. கோட்டின் கையில் வழிந்த நீர் முழுவதும் உறையின் வாய் வழியே உள்ளே இறங்கியது. நீர் புகாத உறை நீரை வெளியேவும் விடாதன்றோ? என் கைகள் இரண்டு வாளிகளுக்குள் இருந்தன.

ஒரு வளைவில் எதிரே பேருந்து இறங்கி வந்தது. நிறுத்து என்றது மனம், விரல்கள் கேட்கவில்லை. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. காலால் பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி பக்கவாட்டில் வழுக்கி மண்மேட்டில் சாய்ந்தது. பேருந்து ஓட்டுநர் நிறுத்திவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு மட்டுமே. அருகிலிருந்த தேநீர்க் கடைப் பாட்டி, "கையைத் துடைச்சிட்டு டம்ளரைப் பிடி தம்பி, பேச்சு அப்புறம்" என்றார். விரல்களில் உணர்வு திரும்ப நெடுநேரம் ஆயிற்று.

மருத்துவமனையில் தந்தையார் கண் விழித்திருந்தார். என் கையைப் பிடித்துப் பார்த்தவர், "நீ ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிராது. வழியில் உனக்கு ஏதாவது..." என்று தொடங்கி, முடிக்காமலே விட்டுவிட்டார். இப்பொழுது அவர் நலமாக இருக்கிறார். அந்த முடியாத வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம்.

கை ஏன் மரத்தது?

மைசூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்திலும், உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு, ஏழு பாகை குறையும். ஆகவே இங்கிருந்து உதகைக்கு ஏறும்போது, ஒரே நாளில் ஒன்பது, பத்துப் பாகை இழக்கிறோம்.

இதனோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் நின்றால் உடலைச் சுற்றி மெல்லிய வெப்பக் காற்று ஒட்டி நிற்கும். வண்டி ஓடும்போது எதிர்காற்று அதனை அள்ளிச் சென்றுவிடும். வானிலை அறிஞர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டின்படி, 12 பாகை செல்சியஸ் குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், உலர்ந்த முகத்திற்கு அது 8 பாகைபோல் தோன்றும். நனைந்த கைக்கு நிலைமை இன்னும் கடுமை. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தை எளிதாகக் கடத்தும். உறையின் பஞ்சு நம்மைக் காப்பது தன்னுள் சிறைப்பட்ட காற்றினால்தான். அக்காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் பஞ்சு இருந்தும் பயனில்லை. இரண்டாவது, ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். நனைந்த உறையின் வெளிப்புறத்தைக் காற்று உலர்த்துந்தோறும் அவ்வெப்பத்தின் ஒரு பகுதி நம் விரலிலிருந்து போகிறது.

விரலின் தோல் ஏறத்தாழ 15 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அதன் நுண்ணிய வேலைத்திறன் குறையத் தொடங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. மரத்த விரல் அரை நொடி தாமதித்தால் வண்டி ஐந்தரை மீட்டர் முன்னே போய்விடும். மலை வளைவில் ஐந்தரை மீட்டர் என்பது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீர் புகாமை என்பது யாது?

கையை நனைக்கும் நீர் இரண்டு. ஒன்று வானத்திலிருந்து வருவது. மற்றொன்று நம் உடலிலிருந்து வருவது. ரப்பர் உறை முதலாவதைத் தடுக்கும், இரண்டாவதைச் சிறைப்படுத்தும். மழை நீரை விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் பொருள் உண்டா?

உண்டு. டெஃப்ளான் என்று நாம் அழைக்கும் பொருள் 1938இல் கண்டறியப்பட்டது. 1969இல் அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் அதனைச் சூடாக்கி வெடுக்கென இழுத்தபோது, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட மெல்லிய படலம் கிடைத்தது. கோர்டெக்ஸ் என்பது அதன் வழி வந்ததே. பாலியூரித்தேனாலும் இத்தகைய படலங்கள் செய்கின்றனர். டெஃப்ளான் நீரோடு ஒட்டாதது. ஆகவே நீர்த்துளி தன் பரப்பு இழுவிசையால் திரண்டு, நுண்துளையில் நுழைய இயலாமல் வெளியே நிற்கும். தனித்தனி மூலக்கூறுகளாக உள்ள நீராவியோ எளிதில் கடந்து போகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆவி தானாக வெளியேறாது. உள்ளே அழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் வெளியேறும். தோலின் வெப்பநிலை 34 பாகை என்று கொள்வோம். அங்கே தெவிட்டிய நீராவியின் அழுத்தம் 5.3 கிலோபாஸ்கல். மழை பெய்யும் 12 பாகைக் குளிரில் அது 1.4 கிலோபாஸ்கல். வேறுபாடு 3.9. சமவெளியில் 28 பாகையில் பெய்யும் வெப்ப மழையில் வெளியழுத்தமே 3.8 கிலோபாஸ்கல், வேறுபாடு 1.5 மட்டுமே. அதாவது, நடுவட்டத்துக் குளிர் மழையில் வியர்வையை வெளியேற்றும் விசை, சத்தியமங்கலத்து மழையில் உள்ளதைப்போல் இரண்டரை மடங்கு. மிகுந்த விலை கொடுத்து வாங்கும் படலம் குளிரில்தான் தன் வேலையை நன்கு செய்கிறது. வெப்ப மழையில் அதே உறைக்குள் கை வியர்வையாலேயே நனைந்துவிடும்.

ஆகவே "நீர் புகாத உறை எது?" என்று கேட்பது போதாது. "எந்த மழைக்கு?" என்றும் கேட்க வேண்டும்.

பருவத்திற்கேற்ற உறை

வெயிற்காலம்: மைசூரின் மார்ச், ஏப்ரல் வெயிலுக்கு நீர் புகாத உறை வேண்டா. மெல்லிய ஆட்டுத்தோல் உறையோ, மேற்புறம் வலைத்துணியும் உள்ளங்கையில் தோலும் கொண்ட உறையோ ஏற்றது. ஆட்டுத்தோல் மெலிந்தும் உறுதியாக இருக்கும். பிடியின் உணர்வைக் கெடுக்காது. நம் ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள் என்பதை நினைவில் கொள்க.

வெப்ப மழை: மே, அக்டோபர் மாத மாலைகளில் இங்கு இடியோடு பெய்யும் மழை இவ்வகை. இதற்கு விரைவில் உலரும் மெல்லிய உறையை அணிந்து, மழை வந்ததும் அதன்மேல் நீர் புகாத மேலுறை ஒன்றை மாட்டிக்கொள்வது நலம். மழை நின்றதும் கழற்றிவிடலாம். மேலுறையின் உள்ளங்கை வழுவழுப்பாக இருத்தல் கூடாது, பிடி நழுவும்.

குளிர் மழை: ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூருக்கு மேலேயும் குடகிலும் பெய்வது. இங்கேதான் படலம் கொண்ட உறைக்குப் பணம் கொடுக்கலாம். உள்பஞ்சு மிகத் தடிப்பாக வேண்டா. பிரேக் பிடியை உணர வேண்டும். இடக்கைச் சுட்டுவிரலில் தலைக்கவசக் கண்ணாடியைத் துடைக்கும் ரப்பர்ப் பட்டி இருந்தால் மிக நன்று.

வறண்ட குளிர்: டிசம்பர், ஜனவரியில் உதகை வைகறை. மழையில்லை, எதிரி காற்றுதான். காற்றுப் புகாத, சற்றே தளர்ந்த உறை வேண்டும். இறுகிய உறை இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் குளிரை மிகுவிக்கும்.

மாணவர் கையில் நான்கு உறைக்கும் பணம் ஏது என்பீர்கள். ஒன்றே வாங்க இயலுமெனில், பெருந்தடிப்பான "எல்லாப் பருவத்திற்கும்" உறையை வாங்காதீர்கள். நல்ல மெல்லிய உறை ஒன்றும், மலிவான மேலுறை ஒன்றும் வாங்குங்கள். பாலிதீன் பையில் ஓர் இணை உலர்ந்த பழைய உறை இருக்கட்டும். மலையேறுமுன் கூடலூரில் மாற்றிக்கொள்ளலாம். சமையலறை ரப்பர் உறையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்; கீழே விழுந்தால் தார்ச்சாலையில் அது நொடியில் கிழியும். விழும்போது முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கையே. நீர் புகாமை வேறு, விழுந்தால் காக்கும் வலிமை வேறு. கிழிசல், தையல், உராய்வு, மணிக்கட்டில் கழலாமை ஆகியவற்றை அளக்கும் ஐரோப்பியத் தரம் இ.என். 13594, அக்குறி இருக்கிறதா என்று உறையின் உட்சீட்டில் பாருங்கள்.

கடையிலும் வீட்டிலும் சோதனை

உறையை அணிந்து ஒரு ரூபாய் நாணயத்தை மேசையிலிருந்து எடுத்துப் பாருங்கள். எடுக்க முடியாவிடில் பிரேக்கின் நுண்ணுணர்வும் கிடைக்காது. வண்டிப் பிடியைப் பிடித்தபடி விரலை மடக்குங்கள். விரல் நுனி உறையில் முட்டக்கூடாது. பின்பு ஈரக்கையோடு அணிந்து கழற்றுங்கள். உள்துணி விரலோடு சேர்ந்து வெளியே வந்தால் அந்த உறை வேண்டா. மழையில் மீண்டும் அதை அணிய முடியாது.

வீட்டில், விரல்களில் மெல்லிய தாள் சுற்றி உறையை அணிந்து, மணிக்கட்டு வரை வாளி நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். தாள் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கே தையல் கசிகிறது.

நனைந்த தோலுறையைச் சைலன்சரின் மேல் காயவைத்தல் தகாது; விறைத்து வெடிக்கும். நிழலில் தொங்கவிடுக.

இறுதியாக, காசு செலவில்லாத பாடம் ஒன்று. வண்டியில் நம் முழங்கை மேலும் கை கீழுமாக இருக்கின்றன. நீர் மேலிருந்து கீழே ஓடும். ஆகவே மழையில் உறையின் வாய் கோட்டின் கைக்கு உள்ளே இருத்தல் வேண்டும்; வெளியே அன்று. கூரை ஓட்டை அடுக்குபவர் மேல் ஓட்டின் விளிம்பைக் கீழ் ஓட்டின்மேல் வைப்பது இதனால்தான். இதனை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். இயற்பியல் முதுகலை பயிலும் நான், நடுவட்டத்தில் விழுந்த பிறகு அறிந்தேன்.

இந்த ஜூலையிலும் ஊருக்குப் போகிறேன். புறப்படுமுன் அம்மா தொலைபேசியில், "உறை உள்ளே, கோட்டுக் கை மேலே; மறந்துடாதே" என்கிறார். நண்பர்களே, நீங்களும் மறவாதீர்கள்.