வெள்ளமும் செவிலியும்

திருத்தணிகை மலைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை அடுத்து அமைந்துள்ள ஊர் பொதட்டூர்பேட்டை. அது நெசவுத் தொழிலாற் பெயர் பெற்றது. தெருவில் நடப்போர் செவியில் தறியோசை இடையறாது ஒலிக்கும். தமிழும் தெலுங்கும் அங்கு உடன்பிறந்தாரைப் போல ஒருங்கே வழங்கும். அவ்வூருக்கு அண்மையில் உள்ள பள்ளிப்பட்டுப் பகுதியிற் பாய்வது கொசத்தலையாறு. ஆண்டின் பெரும்பகுதி அவ்வாறு வறண்ட மணற்பரப்பாகவே காட்சி தரும். ஆயின், ஆந்திர மாநிலத்து மலைப்பகுதியில் பெருமழை பெய்து, அங்குள்ள கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் நிரம்பி, மிகுநீர் திறந்துவிடப்படுமாயின், மணலாறு விரைவில் பேராறாக மாறிவிடும். உள்ளூரில் வானம் வெளுத்திருப்பினும் ஆற்றில் வெள்ளம் புரண்டு வருதல் உண்டு.

2021ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இவ்வாறே வெள்ளம் பெருகிற்று. தரைப்பாலங்கள் நீரில் மூழ்கின. இரு கரை ஊர்களுக்கும் இடையே போக்குவரத்து அற்றது. இத்தகைய வேளையில், பேறுகாலம் நெருங்கிய பெண் ஒருத்தி அக்கரையில் இருப்பின் அவள் நிலை யாது? நாள்தோறும் மருந்து உண்ண வேண்டிய முதியவர், மருந்து தீர்ந்துபோனால் யாது செய்வார்? பாலத்தை நீர் மூடிய பின்னர் இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் காலம் கடந்து தேடுவோரே ஆவர். விடையை முன்னரே அறிந்து வைத்திருப்பவர் ஒருவர் உளர். அவரே கிராம சுகாதாரச் செவிலியர்.

செவிலி என்னும் சொல் பழந்தமிழ்ச் சொல்லாகும். அகப்பொருள் இலக்கியங்களில் தலைவியை வளர்க்கும் வளர்ப்புத்தாய் செவிலி எனப்படுகின்றாள். ஈன்றவள் நற்றாய்; ஊட்டியும் உறங்கச் செய்தும், மகளின் முகம் வாடக் கண்டு அதன் காரணத்தை ஆராய்ந்தும் காப்பவள் செவிலித்தாய். நோயாளரைப் பேணும் தொழிலுக்கு அப்பெயரை இட்டு வழங்கியது மிகவும் பொருத்தமாகும். ஏனெனில், தம் பொறுப்பிலுள்ள மக்களை நன்கு அறிந்திருத்தலே இருவருக்கும் பொதுவான இயல்பு.

கிராம சுகாதாரச் செவிலியர் துணை சுகாதார நிலையத்தை இடமாகக் கொண்டு பணியாற்றுகின்றார். சமவெளியில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கும், மலைப்பகுதியில் ஏறத்தாழ 3,000 மக்களுக்கும் ஒரு துணை நிலையம் என்பது அரசின் நெறி. மருத்துவமனைச் செவிலியரிடம் நோயாளர் வருவர். இவரோ மக்கள் வாழும் இல்லங்களுக்குச் செல்வார். கருவுற்ற பெண்களைப் பதிவு செய்தல், அவர்தம் எடையும் குருதி அழுத்தமும் காணுதல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடுதல், காய்ச்சல் கண்டோரைக் கணக்கெடுத்தல் ஆகியன இவருடைய அன்றாடப் பணிகள். இவற்றையெல்லாம் அவர் ஏடுகளிற் குறித்து வைக்கின்றார். இக்காலத்தில் கணினியிலும் பதிவு செய்கின்றார். அக்குறிப்புகள் வெறும் எழுத்துகளாகத் தோன்றலாம். வெள்ளம் வரும் நாளில் அவை உயிர் காக்கும் ஓடமாகின்றன.

பேரிடரை எதிர்கொள்வதில் மூன்று காலங்கள் உண்டு. இடருக்கு முன்னர் ஆயத்தம் செய்தல், இடரின்போது மீட்டல், இடருக்குப் பின்னர் நோய் பரவாது காத்தல் என்பன அவை. கண்டோர் வியப்பது நடுவில் உள்ள மீட்புப் பணியையே. படகும் கயிறும் கொண்டு உயிர் மீட்போரின் வீரம் போற்றத்தக்கதே. எனினும் முன்னும் பின்னும் உள்ள இரு காலங்களிலும் ஆரவாரமின்றி நிகழும் பணியால் உயிர் பிழைப்போர் பலராவர்.

முதற்கண் ஆயத்தத்தைக் காண்போம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்த் திங்களில் தொடங்கும். அடுத்த சில வாரங்களில் மகப்பேறு எய்தக்கூடிய பெண்கள் எவர், அவர்தம் இல்லங்கள் ஆற்றின் எக்கரையில் உள்ளன என்பவற்றைச் செவிலியரின் பதிவேடு காட்டும். புயல், வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் அத்தகைய பெண்களை முன்னதாகவே மருத்துவமனையிற் சேர்த்தல் இக்காலத்து நடைமுறையாகும். ஆயின் ஏட்டில் பெயர் இருத்தல் மட்டும் போதாது. வீட்டாரை இசையச் செய்தலும் வேண்டும். மழைக்காலத்து மாலைப்பொழுதில் செவிலியர் ஓர் இல்லத்தின் வாயிலில் நிற்பதாகக் கொள்வோம். அவ்வீட்டு முதியவள், “வலி கண்ட பிறகு அழைத்துச் சென்றால் ஆகாதா, அம்மா?” என்கின்றாள். “பாட்டி, வலி பாலத்தைக் கேட்டுக்கொண்டா வரும்? இன்று பாலம் உண்டு, நாளை இருக்குமோ, அறியோம்” என்று செவிலியர் விடை பகர்கின்றார். புதியவர் ஒருவர் இதனைக் கூறின் முதியவள் செவிசாய்ப்பது அரிது. தன் பேரனுக்குத் தடுப்பூசி இட்ட கை, தன் மருமகளின் நாடி பார்த்த கை அழைக்கும்போது அவள் மறுப்பதில்லை. பல ஆண்டு நாள்தோறும் நடந்து நடந்து ஈட்டிய நம்பிக்கை அது.

கணக்கெடுத்தல் செவிலியர் தொழிலின் உயிர்நிலை என்பதை உலகிற்கு உணர்த்தியவர் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1854ஆம் ஆண்டு கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்குத் தொண்டாற்ற அவர் சென்றார். இரவில் விளக்கேந்தி நோயாளரைக் கண்ட அவரது அருளைப் பலரும் அறிவர். போரிற் பட்ட புண்ணால் மாண்டோரினும் நோயால் மாண்டோரே மிகப் பலர் என்பதைக் கணக்கால் நிறுவியவரும் அவரே. 1858ஆம் ஆண்டு இங்கிலாந்தின் புள்ளியியற் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது. விளக்கொடு ஏடும் அவர் கையில் இருந்தது என்பதை மறத்தலாகாது.

இனி, இடருக்குப் பிற்பட்ட காலத்தைக் காண்போம். நீர் வடிந்ததும் இடர் தீர்ந்தது என்று எண்ணுதல் பிழை. கிணற்றில் கழிவுநீர் கலந்திருக்கும். வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் காலம் பார்த்திருக்கும். தேங்கிய நீரிற் கொசு பெருகும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வருத்திய பெரும்பஞ்சத்தில், பட்டினியோடு காலரா என்னும் வாந்திபேதியும் சேர்ந்து எண்ணிறந்த மக்களை மாய்த்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நிலையிலும் அங்குப் பெருங்கொள்ளைநோய் எதுவும் தலைகாட்டவில்லை. பிற மாவட்டங்களினின்றும் சுகாதாரப் பணியாளர் விரைந்து சென்றனர். குடிநீரிற் குளோரின் கலந்தனர். தூய்மைப் பணி செய்தனர். குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி இட்டனர். முகாம்தோறும் காய்ச்சல் கண்டோரைத் தேடினர். வாராத நோய்க்கு நினைவுச் சின்னம் எழுப்புவார் இலர். அதனைத் தடுத்தாரை ஊரார் அறிவதும் அரிது.

எளிய மருந்தும் பேரிடரில் பெருந்துணையாகும். 1971ஆம் ஆண்டு வங்காள தேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பங்கான் என்னுமிடத்து அகதிகளிடையே காலரா பரவியது. குருதிக்குழாய் வழியே செலுத்தும் திரவம் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுக்கச் செய்தார். நோயாளரின் உறவினரே அதனை ஊட்டினர். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு, நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது. இன்று செவிலியரின் பையிலுள்ள உப்புச்சர்க்கரைப் பொட்டலம் அவ்வரலாற்றின் வழிவந்ததாகும். பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.

வெள்ள நாளில் செவிலியரின் சொந்த இல்லத்திலும் நீர் புகும். அவர்தம் குழந்தையும் அன்னையைத் தேடி அழும். ஆயினும் முகாமில் உள்ளோரைக் காணாது அவர் இல்லம் திரும்புவதில்லை. அத்தகையோர்க்கு ஊரார் செய்யும் கைம்மாறு யாது? பாராட்டுரையினும் சிறந்தது உடன் பணி செய்தலே.

மாணவர் செய்யத்தக்கன பல. தத்தம் தெருவில் தனித்து வாழும் முதியோர், கருவுற்றோர், நடக்க இயலாதோர் ஆகியோரை அறிந்து செவிலியர்க்கு உரைக்கலாம். வீட்டில் உண்ணும் மருந்துகளையும் மருத்துவக் குறிப்பையும் நனையாத பையில் இட்டு வைக்கலாம். நீரைக் காய்ச்சிப் பருகுமாறு வீட்டாரை வேண்டலாம். கொசு பெருகாவண்ணம் வாரம் ஒருமுறை நீர்த்தொட்டியைத் தேய்த்துக் கழுவலாம். பாம்பு கடித்தோரை அசையாதிருக்கச் செய்து, கடிவாயைக் கீறாமலும் உறிஞ்சாமலும் மருத்துவமனைக்கு அனுப்பத் துணைபுரியலாம். நீர் ஓடும் தரைப்பாலத்தை எக்காரணத்தாலும் கடத்தல் கூடாது. மருத்துவ ஊர்திக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்னும் எண்களை நெஞ்சிற் பதித்தல் வேண்டும்.

மழையை நிறுத்துதல் மனிதர்க்கு இயலாது. ஆறு எல்லை அறியாது. ஒரு மாநிலத்தில் பெய்த மழை மறு மாநிலத்தில் வெள்ளமாக வரும். ஆனால் அக்கரையில் வாழ்வோர் எவர், அவர்க்கு வேண்டுவது யாது என்பதை முன்னரே அறிந்திருத்தல் இயலும். தறியில் இழை அறுந்தபின் முடிதலினும் அறாது காத்தல் நன்று என்பதை நெசவாளர் அறிவர். செவிலியர் வெயிலில் வீடுவீடாக நடந்து ஏட்டிற் குறிக்கும் ஒவ்வொரு பெயரும் அவ்வாறு காக்கப்படும் ஓர் இழையாகும்.