மூலிகைச் சாறும் சோதனைக் குழாயும்



வார்டுகளைச் சந்திக்கச் செல்லும் எங்களிடம் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, இந்த இலையில் ஆன்டிஆக்சிடன்ட் இருப்பதாக ஆராய்ச்சியிலேயே கண்டுபிடித்திருக்கிறார்களாமே, இனி மாத்திரை எதற்கு?" சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு, இலைச்சாற்றை மட்டும் நம்பியிருந்து, காலில் ஆறாத புண்ணுடன் வருகிறவர்களும் உண்டு. ஆகவே அந்த ஆராய்ச்சி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இம்முறை சேர்ந்து படிப்போம்.

சோதனை நடக்கும் விதம்

கடலை எண்ணெயை நெடுநாள் திறந்து வைத்தால் காறல் வாடை வீசுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கெடுக்கிறது. நல்லெண்ணெய் அவ்வளவு எளிதில் காறுவதில்லை. அக்கேட்டைத் தடுக்கும் பொருட்கள் எள்ளிலேயே அமைந்துள்ளன. இத்தகைய பொருட்களுக்கே ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். நம் உடலிலும் நிலையற்ற சில மூலக்கூறுகள் உண்டாகி, அளவு மீறினால் செல்களைச் சேதப்படுத்துகின்றன.

ஆய்வுக்கூடத்தில் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்து வடிகட்டிச் சாறு எடுக்கிறார்கள். டி.பி.பி.எச். என்ற இரசாயனத்தின் ஊதா நிறக் கரைசலில் அதைக் கலந்து, பெரும்பாலும் அரைமணி நேரம் இருட்டில் வைக்கிறார்கள். சாறு வலுவுள்ளதானால் ஊதா மங்கி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியில் அந்த மாற்றத்தைக் கருவி அளக்கிறது. பாதி வேலையைச் செய்ய எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்று கணக்கிட்டு, வைட்டமின் சி-யோடு ஒப்பிடுகிறார்கள். 1958 முதல் வழக்கத்திலுள்ள எளிய, செலவு குறைந்த முறை இது. நெல்லிக்காய் இதில் நன்றாகத் தேறுகிறது. தேயிலையும் காப்பியும்கூடத் தேறுகின்றன. அதற்காக எந்த மருத்துவரும் காப்பியை மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை.

சோதனை சொல்லாதவை

1. குழாய்க்குக் குடலும் இல்லை, ஈரலும் இல்லை. நாம் விழுங்கும் சாற்றில் பெரும்பகுதி இரத்தத்தில் சேர்வதே இல்லை. சேர்வதும் உருமாறியே சேர்கிறது.

2. டி.பி.பி.எச். மனிதர் செய்த இரசாயனம்; நம் உடலில் அது கிடையாது.

3. இச்சோதனை நஞ்சைக் காட்டிக் கொடுக்காது. அரளி இலைச் சாறும் இதில் தேறியிருக்கிறது. அரளி என்ன செய்யும் என்பது நம் கிராமங்களில் எல்லாரும் அறிந்ததே.

மனிதரில் சோதித்தபோது

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்கள் பங்குபெற்ற ஆய்வின் முடிவு 1994-ல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் என்னும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை உட்கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகரித்தது. இதேபோன்ற அமெரிக்க ஆய்வு ஒன்று, தீங்கு தெரிந்ததால் 1996-ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. குழாயில் நன்மையாகத் தோன்றியது மனிதருக்கு நன்மையாகவில்லை.

அப்படியானால் செடிகளில் மருந்தே இல்லையா? உண்டு. நம் முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். ஜமைக்காவில் அதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1950-களில் அதை எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைத் தொடர்ந்து சென்றதால் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் அது சுத்திகரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து, நரம்பு வழியாக மட்டும் ஏற்றும் மருந்து. அந்த இலையை வீட்டில் அரைத்துக் குடிப்பது ஆபத்து.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

மூலிகைச் செய்தி எதைக் கேட்டாலும், "இது குழாயில் கண்டதா, எலியில் கண்டதா, மனிதரில் கண்டதா?" என்று கேளுங்கள். நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் நல்ல ஆகாரம், ஆகாரமாகவே உண்ணுங்கள். கஷாயம் ஏதேனும் குடித்துவந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் மாத்திரையின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். அவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உங்கள் சபையிலும் அக்கம்பக்கத்திலும் மாத்திரையை நிறுத்த எண்ணியிருப்பவர் ஒருவராவது இருக்கக்கூடும். அவரிடம் இதைப் பரிவோடு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு காலைக் காப்பாற்ற அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிருக்கலாம்.